26 எண்டால் எந்த 26? சைக்கிள் ரயர் கதை

12.09.2024, காலை (வாசகர் ஒருவரின்ரை கேள்வி)

"ஜப்பான் பாவிச்ச சைக்கிள் ஒண்டு வாங்கினனான். முன் ரயர் வெடிச்சுப் போச்சு. 26 அங்குலம் எண்டு கேட்டு, நல்ல பட்டன் ரயர் (குமிழ் குமிழாய் ரப்பர் எழும்பி நிக்கிறது) ஒண்டு வாங்கி வந்தால் றிம்மிலை ஏறமாட்டன் எண்டு நிக்குது. ரெண்டு ஸ்குறூட்றைவர் வளைஞ்சதுதான் மிச்சம். புது ரயர் இறுக்கமாத்தான் இருக்கும், சோப்புத் தண்ணி பூசி ஏத்துங்கோ எண்டு கடையிலை சொல்லுகினம். மற்றது, மாரி வருது. பட்டன் ரயர் போட்டால்தான் வழுக்காது எண்டு எல்லாரும் சொல்லினம். உண்மையோ?"

12.09.2024, பின்னேரம்

சோப்பை விடுங்கோ. அது ஏறாது. அளவே வேறை.

உங்கடை பழைய ரயரின்ரை பக்கத்தைப் பாருங்கோ. 26 × 1⅜ எண்டு பின்னத்திலை போட்டிருக்கும். அதுக்குக் கிட்ட சின்னனாய் 37-590. இப்ப வாங்கி வந்ததிலை 26 × 1.95 எண்டு தசமத்திலை இருக்கும், கிட்ட 50-559. அந்தக் கடைசி மூண்டு இலக்கம்தான் முழு விசயமும். றிம்மிலை ரயர் குந்துற இடத்தின்ரை விட்டம் அது, மில்லிமீற்றரிலை. முன்னுக்கு நிக்கிற 37உம் 50உம் ரயரின்ரை அகலம். 590 றிம்முக்கு 559 ரயர் எண்டால் 31 மில்லிமீற்றர் சின்னன். ரயரின்ரை விளிம்புக்குள்ளை ஓடுறது உருக்குக் கம்பி, அது இழுபடாது. இனியும் நெம்பினால் கம்பி அறும், இல்லாட்டி விரல் போகும்.

26 எண்டு பேர் வைச்சு ஒரு குடும்பமே இருக்கு. மவுண்டன் சைக்கிளுக்கு 559. பழைய ராலே, ஹம்பர், உங்கடை ஜப்பான் எல்லாம் 590. 26 × 1½ எண்டால் 584. 26 × 1¼ எண்டால் 597. 571 எண்டும் ஒண்டு கிடக்கு. எல்லாம் 26தான், ஒண்டு மற்றதிலை ஏறாது. அந்தக் காலத்திலை 26 எண்டது ரயரின்ரை வெளிவிட்டம், அதுவும் ஒரு உத்தேசக் கணக்கு. ரயர் தடிக்கத் தடிக்க உள்ளை றிம் சின்னனாய்ப் போகும், வெளியிலை பேர் மாறாது. அந்தக் குழப்பம் இண்டைக்கும் எங்களைப் பிடிச்சு ஆட்டுது.

கடைக்குப் போய் "26 தாங்கோ" எண்டு கேளாதையுங்கோ. "590 தாங்கோ" எண்டு கேளுங்கோ. விளங்காட்டிப் பழைய ரயரைத் தோளிலை கொழுவிக்கொண்டு போங்கோ.

13.09.2024, காலை

ரயர் பக்கத்திலை எழுத்துத் தெரியேல்லை எண்டு எழுதின அண்ணைக்கு: கறுப்பிலை கறுப்பாய்த்தான் கிடக்கும். ஈரத்துணியாலை துடைச்சுக் காயவிட்டு, வெள்ளைச் சோக்கைப் படுக்க வைச்சுத் தேய்ங்கோ. எழும்பி நிக்கிற எழுத்திலை மட்டும் சோக் பிடிக்கும், வடிவாய் வாசிக்கலாம்.

13.09.2024, இரவு

இனிப் பட்டன் கதை. இது எனக்குக் கன காலமாய் அடிவயித்திலை எரியிற விசயம்.

கார் ரயரிலை வெட்டுப் போடுறது தண்ணியை வெளியாலை தள்ள. தள்ளாட்டி, வேகத்திலை ரயர் தண்ணிக்கு மேலை மிதக்கத் தொடங்கும். எந்த வேகத்திலை மிதக்கும் எண்டதுக்கு விமான ரயரை வைச்சுக் கண்டுபிடிச்ச ஒரு சுருக்கக் கணக்கு இருக்கு. காத்தழுத்தத்தை பிஎஸ்ஐயிலை (சதுர அங்குலத்துக்கு எத்தனை றாத்தல் எண்டு) எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 9ஆலை பெருக்கினால் வேகம் விமானக்காரரின்ரை அளவான நொட்டிலை வரும். 50 பிஎஸ்ஐ வைச்சுப் போட்டால் கிட்டத்தட்ட 64 நொட். மணிக்கு 118 கிலோமீற்றர். காங்கேசன்துறை றோட்டிலை அந்த வேகத்திலை மிதிக்கிற ஆள் இருந்தால் எனக்கும் சொல்லுங்கோ, வந்து மாலை போடுறன்.

ஆக, சைக்கிள் ரயருக்குத் தண்ணி தள்ளுற வேலை இல்லை. றோட்டைப் பிடிக்கிறது ரப்பர். எவ்வளவு ரப்பர் தொட்டுக்கொண்டு நிக்குதோ அவ்வளவு நல்லது. பட்டன் ரயரிலை பட்டன்ரை தலை மட்டும்தான் தாரிலை தொடும், நடுவிலை எல்லாம் காத்து. வளைவிலை சரிக்கேக்கை அந்தப் பட்டன் வளைஞ்சு குடுக்கும். அதைத்தான் கன பேர் வழுக்கல் எண்டு சொல்லுறது. அதோடை உம்ம்ம் எண்டு ஒரு சத்தம், மிதிக்கப் பாரம், ஆறு மாதத்திலை நடுப் பட்டன் எல்லாம் மொட்டை. மொட்டையான பிறகுதான் அந்த ரயர் எங்கடை றோட்டுக்கு ஏத்த ரயராய் வருகுது, அது வேறை கதை.

அப்ப பட்டன் ஆருக்கு? சேத்துக்குள்ளை, கிறவலுக்குள்ளை ஓடுறவைக்கு. பட்டன் மண்ணுக்குள்ளை இறங்கிப் பிடிக்கும். அதிலையும் எங்கடை வலிகாமத்துச் செம்மண் நனைஞ்சால் பட்டனுக்கு நடுவிலை அப்பி, மட்காட்டுக்குள்ளை ஏறி, சில்லையே நிப்பாட்டிப் போடும். தோட்டப் பாதையிலை பாத்தியளெண்டால் மரக்கறி கட்டிக்கொண்டு வாற ஐயாமாரின்ரை பழைய 28 அங்குலச் சைக்கிளிலை கோடு போட்ட சாதா ரயர்தான். அவைக்குத் தெரியாத றோட்டோ?

15.09.2024

"அப்ப நான் ஏன் விழுந்தனான்?" எண்டு ரெண்டு மூண்டு பேர் கோவமாய்க் கேட்டிருக்கிறியள். நியாயம்தான். முந்தநாள் சொன்னது தண்ணியைப் பற்றி மட்டும். இஞ்சை ஆக்களை விழுத்துறது தண்ணி குறைவு, மற்றச் சாமான் கூட.

காபெட் றோட்டுக் கரையிலை காத்து அள்ளிக் கொண்டுவந்து போடுற மணல். ஒழுங்கைச் சீமெந்திலை பிடிச்ச பாசி. கடவையிலை அடிச்ச வெள்ளைப் பெயின்ற். இதிலை எந்த ரயரும் சறுக்கும், பட்டன் கொஞ்சம் முந்திச் சறுக்கும்.

எல்லாத்துக்கும் மேலை தண்டவாளம். போராலை நிண்டுபோன யாழ்தேவி ரயில் 2014 ஐப்பசியிலை யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வந்தது, 2015 தொடக்கத்திலை காங்கேசன்துறை வரைக்கும் போச்சு. கொக்குவில், கோண்டாவில், இணுவில் பக்கத்து ஒழுங்கையள் கனக்க அதைக் கடக்குது. தண்டவாளம் இல்லாமலே வளந்த ஒரு தலைமுறைப் பிள்ளையளுக்கு அதைச் சைக்கிளிலை எப்பிடிக் கடக்கிறது எண்டு ஆரும் சொல்லிக் குடுக்கேல்லை. சரிஞ்சு கடக்காதையுங்கோ, நேர்க்குத்தாய்க் கடவுங்கோ. 23 மில்லிமீற்றர் ரேசிங் ரயர் தண்டவாளத்துக்குப் பக்கத்திலை இருக்கிற தவாளிப்புக்குள்ளை அப்பிடியே இறங்கும். நனைஞ்ச தண்டவாளத்துக்கு மேலை பிறேக் பிடிக்கவே பிடியாதையுங்கோ.

17.09.2024

பழைய 28இலை ஓடினவை எண்டு சொன்னன். உடனை ஒராள் "அந்தக் காலத்து ரயர் பத்து வருசம் உழைச்சது, இப்பத்தைச் சாமான் குப்பை" எண்டு தொடங்கிட்டார்.

அண்ணை, அந்தக் காலத்து ரயர் உழைச்சது நல்ல ரயர் எண்டதாலை இல்லை. வேறை கிடைக்காது எண்டதாலை நாங்கள் அதைச் சாகவிடேல்லை. தொண்ணூறுகளிலை யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, ஊரே சைக்கிளிலைதான் நகர்ந்தது. ஆசுப்பத்திரிக்கும் சைக்கிள், கலியாணத்துக்கும் சைக்கிள், செத்தவீட்டுக்கும் சைக்கிள். ஒரு புது ரயர் வீட்டுக்கு வந்தால் சாமியறையிலை வைக்காத குறை.

ரயர் பக்கத்திலை வெடிச்சால் எறியிறதில்லை. அப்புவின்ரை வேலை எனக்கு இப்பவும் கண்ணிலை நிக்குது. சாக்குத் தைக்கிற ஊசியிலை நைலோன் நூலைக் கோத்து, வெடிப்பின்ரை ரெண்டு பக்கமும் குத்திக் குத்திக் குறுக்குத் தையல் போடுவார். பிறகு உள்ளுக்கு ஒரு செத்த ரயரின்ரை துண்டை, அதின்ரை கம்பியை வெட்டி எடுத்துப்போட்டு, விளிம்பைக் கத்தியாலை சீவி மெல்லிசாக்கி வைப்பார். விளிம்பு சீவாட்டி அந்த முனை ரியூப்பை அரைச்சு ஓட்டை போட்டிடும். தைச்ச இடம் றோட்டிலை படுற ஒவ்வொரு சுத்துக்கும் டொக் எண்டு சத்தம் கேக்கும். எங்கடை ஒழுங்கையிலை ஆர் வாறது எண்டு டொக்கை வைச்சே சொல்லுவம்.

1995 ஐப்பசி 30 இரவு. சண்டை கிட்ட வர, வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கம் நகருது. சைக்கிள் அண்டைக்கு ஓடுறதுக்கு இல்லை, உருட்டுறதுக்கு. கரியரிலை மூட்டை, பாரிலை மூட்டை, ஹாண்டிலிலை வாளி. காத்துப் போன ரயருக்குள்ளை பழைய சீலைத்துணியை முறுக்கி அடைச்சுக்கொண்டு உருட்டினவையும் இருந்தவை. அந்தப் பாரத்தை அப்பிடியும் தாங்கினது. ரயரைப் பற்றி இதுக்கு மேலை அந்த நாளிலை சொல்ல எனக்கு விருப்பமில்லை.

18.09.2024

நேற்றுச் சொல்ல விட்டது. டைனமோவும் ரயர் கதைதான். 6 வோல்ற் 3 வாற் டைனமோ, அதின்ரை தலை ரயரின்ரை பக்கத்திலை உரசித்தான் சுத்தும். பழைய ரயர் பக்கங்களிலை சுத்திவர மெல்லிய வரி ஒண்டு இருக்கும், அழகுக்கு இல்லை, டைனமோ தலை வழுக்காமல் ஓடத்தான். பற்றறி தடை, செய்தி கேக்க வேணும் எண்டால் சைக்கிளைக் கவிட்டுப் போட்டுப் பெடலைச் சுத்தி ரேடியோ கேட்டதை இஞ்சை கன பேர் அறிவினம். நாலு பற்றறி போடுற ரேடியோவுக்கும் 6 வோல்ற்தான், பொருத்தம் சரி. ஆனால் டைனமோவிலை வாறது ஆடலோட்டம், இடையிலை நாலு டயோட் போட்டு நேராக்க வேணும். போடாட்டிக் கூ எண்டு ஊளையிடும். செய்தி முக்கியமான இடத்துக்கு வரேக்கை சுத்துறவனுக்குக் கை உளைஞ்சு போகும், வாசிக்கிறவரின்ரை குரல் தூங்கி விழும்.

22.09.2024

காத்து எவ்வளவு அடிக்கிறது? "கல்லு மாதிரி அடிச்சால் ஓட்டம் லேசு" எண்டு ஒரு கட்சி, "வெயிலிலை விட்டால் வெடிக்கும், குறைச்சு அடி" எண்டு மற்றக் கட்சி.

வெயில் கட்சிக்கு முதல். நிழலிலை 30 பாகையிலை 60 பிஎஸ்ஐ அடிச்ச ரயரைப் பங்குனி வெயிலிலை விட்டு, உள்காத்து 60 பாகைக்குச் சூடானாலும் அழுத்தம் ஏறுறது 7 பிஎஸ்ஐ அளவுதான். 67ஆலை நல்ல ரயர் வெடிக்காது. வெயிலிலை வெடிக்கிறது ஏற்கனவே பக்கம் வெடிச்ச ரயர், இல்லாட்டிச் சூட்டுக்கு இளகின ஒட்டு. குற்றவாளி வெயில் எண்டாலும் வேலை செய்யிறது ரப்பரிலை. அதிலையும் பக்கம் மண்ணிறமாய், பாக்க வடிவாய் வாற ரயர் எங்கடை வெயிலுக்குக் கெதியாய்ப் பொரியும். ரப்பரைக் கறுப்பாக்கிறது கரிப்பொடி, அது வெயிலையும் தேய்மானத்தையும் தாங்க வைக்கிறதுக்குத்தான் சேர்க்கிறது. கடையிலை பழைய இருப்பு ரயர் தந்தால் பக்கத்தைக் கிள்ளி வளைச்சுப் பாருங்கோ. மயிர் மயிராய்க் கீறல் தெரிஞ்சால் திருப்பிக் குடுங்கோ.

இனிக் கல்லுக் கட்சி. ஆளும் சைக்கிளுமாய் 90 கிலோ, பின்சில்லுக்கு அதிலை 54 எண்டு வையுங்கோ. 50 பிஎஸ்ஐயிலை அந்தப் பாரத்தைத் தாங்கிறது வெறும் 15 சதுர சென்ரிமீற்றர் ரப்பர். அழுத்தத்தைக் கூட்டினால் அந்த இடம் இன்னும் சுருங்கும். காபெட்டிலை கொஞ்சம் லேசாய்ப் போகும், உண்மை. உள் ஒழுங்கையிலை கல்லிலை ஏறி ஏறிக் குதிக்கும், அந்தக் குதிப்பிலை போற சக்தி நீங்கள் மிச்சம் பிடிச்சதை விடக் கூட. றேஸ் ஓடுறவையே இப்ப 23 மில்லிமீற்றர் அகலத்தை விட்டிட்டு 28, 30 மில்லிமீற்றருக்குப் போட்டினம். ஒரே அழுத்தத்திலை அகலமான ரயர்தான் லேசாய் உருளும், ஏனெண்டால் அது நீட்டுக்குக் குறைவாய் நசியும்.

என்ரை அளவு: நீங்கள் ஏறி இருக்கேக்கை பின் ரயர் தன்ரை உயரத்திலை 15 வீதம் தாழ வேணும். 37 மில்லிமீற்றர் ரயருக்கு அஞ்சு, ஆறு மில்லிமீற்றர். வீட்டிலை ஆரையும் குனிஞ்சு பாக்கச் சொல்லுங்கோ. முன்சில்லுக்குக் கொஞ்சம் குறைவாய். கரியரிலை ஆள் ஏத்திறதெண்டால் பின்னுக்குக் கூட. பக்கத்திலை எழுதியிருக்கிற ஆகக்கூடின அளவைத் தாண்டாதையுங்கோ, அவ்வளவுதான் சட்டம்.

23.09.2024

நெருஞ்சி முள்ளுக்கு மருந்து கேட்டவருக்கு: முள்ளைப் பிடுங்காமல் ஒட்டுப் போட்டால் அடுத்த நாளும் ஒட்டுத்தான் போடுவியள். ரயரை உள்ளாலை பஞ்சு வைச்சுத் தடவுங்கோ. முள்ளு முறிஞ்சு நிக்கிற இடத்திலை பஞ்சு கொழுவும். விரலாலை தடவினால் விரல்தான் பஞ்சர்.

29.09.2024

இந்தக் கிழமை வந்த கடிதங்களிலை பாதி வெளிநாட்டுச் சொந்தங்களாலை வந்த வில்லங்கம்.

சுவிசிலை இருந்து மச்சான் வாறார். "உனக்கு என்ன கொண்டாற?" "28 ரயர் ரெண்டு." அவர் பாவம், நல்ல காசு குடுத்து, கம்பிக்குப் பதிலாய் அரமிட் நூல் போட்ட மடிக்கிற ரயர் வாங்கி, சூட்கேசுக்குள்ளை சேட்டுக்கு நடுவிலை மடிச்சு வைச்சுக் கொண்டு வருவார். இஞ்சை பிரிச்சுப் பாத்தால் 37-622. எங்கடை ஊர்ப் பெரிய சைக்கிள் 28 × 1½, 40-635. 13 மில்லிமீற்றர் சின்னன், ஏறாது. ஐரோப்பாவிலை இப்ப 28 எண்டால் 622தான். அதையே 700சி எண்டும் சொல்லுவினம், மவுண்டன்காரர் 29 எண்டும் சொல்லுவினம். மூண்டு பேர், ஒரே றிம். 27.5 எண்டு புதுசாய்ச் சொல்லுறதும் நான் முதல் நாள் சொன்ன 26 × 1½ தான், அதே 584.

ஏறாதது கரைச்சல் இல்லை. ஏறுறதுதான் ஆபத்து. 635 ரயரை 622 றிம்மிலை போட்டால் கையாலையே ஏறும். "என்ன சுகமாய் ஏறுது" எண்டு சந்தோசப்பட்டுக் காத்தடிச்சு, பண்ணைப் பாலத்திலை எதிர்க்காத்துக்கு மிதிச்சுப் போகேக்கை ரயர் ஒரு பக்கம் கழண்டு ரியூப் வெளியாலை தள்ளி வெடிக்கும். 590 ரயரை 584 றிம்மிலை போடுறதும் அதே விளையாட்டு. ஆறு மில்லிமீற்றர்தானே எண்டு நினையாதையுங்கோ.

பாலம் எண்டவுடனை ஒண்டு: ஊர்காவற்துறை, காரைநகர்ப் பக்கம் இருக்கிறவை ரயரைக் கழட்டேக்கை விளிம்புக் கம்பியையும் பாருங்கோ. ரயர் ரப்பர் நல்லாய் இருக்கும், உப்புத் தண்ணி உள்ளாலை போய்க் கம்பி கறள் பிடிச்சிருக்கும். விளிம்பிலை ரப்பர் பொங்கிச் சிவப்பு வடிஞ்சு கிடந்தால் அந்த ரயரைத் தென்னைக்குப் போடுங்கோ.

03.10.2024

ரியூப் இல்லாத ரயர் பற்றி: ஓட்டையை அடைக்க உள்ளை ஊத்திற பால் எங்கடை சூட்டுக்குச் சில மாதத்திலை காஞ்சு தோலாய்ப் போகும், திரும்பத் திரும்ப ஊத்த வேணும். அதுக்கெண்டு செய்த றிம்மும் வேணும். காட்டிலை ஓடுறவைக்கு நல்லது. பசை பூசி றிம்மிலை ஒட்டுற ரேஸ் ரயரைப் பற்றிக் கேட்ட தம்பி, உனக்கு வேறை வேலை இல்லையோ?

காத்தே இல்லாத கட்டி ரயர் கேட்டவருக்குக் கொஞ்சம் நீட்டிச் சொல்லலாம். பாரந்தூக்கி வண்டியளுக்குப் போடுற கட்டி ரயர் செய்து ஏத்துமதி செய்யிறதிலை இலங்கை உலகத்திலை முன்னுக்கு நிக்கிற நாடு. அது தொழிற்சாலைத் தளத்திலை மெல்ல ஓடுற வண்டிக்கு. சைக்கிளுக்குப் போட்டால் காத்துச் செய்யிற வேலையைச் சில்லுக்கம்பியும் உங்கடை முள்ளந்தண்டும் செய்ய வேணும். 1888இலை பெல்பாஸ்டிலை டன்லப் தன்ரை மகன்ரை முச்சக்கர சைக்கிளுக்குக் காத்து ரயர் செய்ததே இந்த உதறலைப் பாக்கேலாமல்தான். அவருக்கு நாப்பது வருசத்துக்கு முதலே தொம்சன் எண்ட ஸ்கொட்லாந்துக்காரர் காத்து ரயருக்குக் காப்புரிமை எடுத்திட்டார், வாங்க ஆளில்லை. சைக்கிள் பெருகின நேரத்திலை வந்தபடியாலைதான் டன்லப்பின்ரை பேர் நிண்டது.

11.10.2024

முதல் கேள்வி கேட்ட தம்பி 37-590 கிடைச்சிட்டுது, கையாலையே ஏறிச்சு எண்டு எழுதியிருக்கிறார். இப்ப அவருக்குப் புதுக் கேள்வி: காத்து எவ்வளவு இருக்கு எண்டு கேஜ் வைச்சால் ஊசி அசையேல்லையாம்.

அசையாது தம்பி. உங்கடை ஜப்பான் சைக்கிளிலையும் எங்கடை ஊர்ச் சைக்கிளிலையும் இருக்கிறது அதே டன்லப் வால்வு. உள்ளை ஒரு சின்னக் குழாய், பக்கத்திலை ஓட்டை, அதுக்கு மேலை வால்ரியூப் ரப்பர் உறை. பம்ப் காத்து உறையைத் தள்ளிக்கொண்டு உள்ளை போகும், திரும்பி வராது. கேஜுக்குக் காட்டக் காத்து வெளியாலை வந்தால்தானே? அதுதான் 22ஆம் திகதி அந்தத் தாழ்வுக் கணக்கைச் சொன்னனான். கேஜ் வேணும் எண்டு நிண்டால், மோட்டார்சைக்கிள் வால்வு வைச்ச ரியூப் வாங்குங்கோ. றிம் ஓட்டை கிட்டத்தட்ட ஒரே அளவுதான், போகும். மெல்லிய ரேஸ் வால்வு வைச்ச ரியூப் வேண்டாம், அந்த ஓட்டைக்குள்ளை அது ஆடி ஆடி அடியிலை கிழியும்.

டன்லப்போடையே இருக்கிறதெண்டால் வால்ரியூப்பை வருசத்துக்கு ஒருக்கால் மாத்துங்கோ. சூட்டுக்கு அது குழாயோடை ஒட்டிப் பிடிக்கும், பம்ப் அடிக்கக் கை முறியும், பம்ப் பழுது எண்டு நினைச்சுப் புதுப் பம்ப் வாங்கிக்கொண்டு வருவியள். பூட்டேக்கை நாக்கிலை ஒருக்கால் நனைச்சுப் பூட்டினால் சுகமாய் ஏறும். எண்ணெய் பூசாதையுங்கோ, ரப்பர் ஊதி வழுகி வந்திடும்.